நடு ஆற்றில் நின்ற எந்திரம்

1807ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் தேதி நியூயார்க் நகரின் கரையிலிருந்து ஒரு நீராவிப் படகு புறப்பட்டது. கரையில் திரண்டிருந்தோரில் பலரும் அது ஓடாமற்போவதைக் கண்டு சிரிப்பதற்காகவே வந்தவர்கள். படகில் ஏறியிருந்த நண்பர்களின் முகங்களிலும் தெளிவில்லை. உத்தரவு கொடுக்கப்பட்டது, படகு சிறிது தூரம் நகர்ந்தது, பிறகு நின்றுவிட்டது. சற்று நேரம் அமைதி. அதன்பின் முணுமுணுப்புகள். அந்தப் படகை உருவாக்கிய ராபர்ட் ஃபுல்டன், என்ன கோளாறென்று தமக்குத் தெரியவில்லை என்றும், அரைமணி நேரம் பொறுத்துக்கொண்டால் ஒன்று பயணத்தைத் தொடர்வதாகவும் அல்லது அன்றைக்குக் கைவிட்டுவிடுவதாகவும் பயணிகளிடம் சொன்னார். கீழே இறங்கி எந்திரத்தைப் பார்வையிட்டார். ஏதோ ஒரு பாகம் சரிவரப் பொருந்தாமல் இருந்தது. அதைத் திருத்தினார். படகு மீண்டும் நகர்ந்தது.

அதன்பின் நடந்தவை பாடநூல்களில் இருக்கின்றன. ஹட்சன் ஆற்றில் ஆல்பனி வரையிலான ஏறத்தாழ 150 மைல்களை அப்படகு 32 மணி நேர ஓட்டத்தில் கடந்தது. பின்னாளில் ‘கிளெர்மான்ட்’ என்ற பெயரில் அறியப்பட்ட அந்தப் படகோடுதான் நீராவிக் கப்பல்களின் வரலாறு தொடங்குகிறது என்று பள்ளிக்கூடத்தில் நாம் படித்திருக்கிறோம்.

எனக்கு ஆர்வமூட்டுவது அந்த அரைமணி நேரம். நின்றுபோன ஓர் எந்திரத்தைத் திரும்ப ஓடவைக்க ஃபுல்டனுக்கு அவ்வளவு நேரமே தேவைப்பட்டது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், அங்கிருந்து நூறு மைல்கூடத் தொலைவில்லாத டெலவேர் ஆற்றில், ஜான் ஃபிட்ச் என்ற இன்னொருவருடைய படகின் எந்திரமும் நின்று நின்று போனது. அதைச் சரிசெய்ய அவருக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆயின. இந்த இரு கால அளவுகளுக்கும் இடையிலான வேறுபாட்டை மேதைமையின் வேறுபாடு என்று சொல்லிவிட்டுக் கடந்துபோக முடியுமா?

*

முதலில் அக்காலத்து எந்திரம் ஏன் நின்றது என்பதைப் பார்த்துவிடுவோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நீராவி எந்திரம் பெயருக்குத்தான் நீராவி எந்திரம். அதன் உண்மையான பலம் வெற்றிடத்தில் இருந்தது. சிலிண்டருக்குள் நீராவியை நிரப்பி, பிறகு அதைக் குளிரவைத்தால், நீராவி மீண்டும் நீராகச் சுருங்கும். அது நிறைத்திருந்த இடம் வெறுமையாகும். அந்த வெறுமைக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள அழுத்த வேறுபாடே பிஸ்டனைத் தள்ளியது. 1712இல் இங்கிலாந்தில் தாமஸ் நியூகாமன் நிறுவிய எந்திரம் இவ்வகையில் சுரங்கத்து நீரை இறைத்தது. அந்த எந்திரங்களுக்கு ஒரு வினோதமான நோய் இருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், மெல்லத் தளரும், பிறகு நின்றுவிடும். எதுவும் உடைந்திருக்காது, எரிபொருளும் தீர்ந்திருக்காது. நீரில் கரைந்திருந்த காற்று, கொதிக்கும்போது வெளியேறி, நீராவியோடு சிலிண்டருக்குள் வந்து சேர்வதுதான் காரணம். நீராவியைக் குளிரவைத்தால் சுருங்கும், காற்று அப்படிச் சுருங்காது. ஒவ்வொரு வீச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, வெற்றிடம் இருக்கவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். அந்தக் காற்றை ஒவ்வொரு வீச்சிலும் வெளியேற்றுவதற்கென்றே ஒரு சிறு வால்வைப் பொருத்திய பிறகுதான் எந்திரம் இடைவிடாமல் ஓடியது.

இன்று நம் கடற்கரைகளில் டீசல் படகு ஓட்டுபவர்களுக்கும் இந்தக் காற்று பகைதான். எரிபொருள் குழாயில் எங்காவது ஒரு இணைப்பு தளர்ந்து காற்று புகுந்துவிட்டால், பம்ப்பின் அழுத்தம் டீசலைத் தள்ளுவதற்குப் பதிலாகக் காற்றை அமுக்குவதிலேயே வீணாகும். எந்திரம் இருமி இருமி நிற்கும். ‘ஏர் லாக்’ என்பார்கள். திருகைத் தளர்த்திக் காற்றுக் குமிழிகள் போகும்வரை டீசலை வழியவிட்டு, மீண்டும் இறுக்குவார்கள். எந்திரங்கள் இரண்டும் முற்றிலும் வெவ்வேறு தத்துவத்தில் இயங்குபவை. இருந்தும், வேண்டாத இடத்தில் காற்று நுழைந்தால் இரண்டும் நின்றுவிடுகின்றன.

ஆனால் நோயைக் கண்டுபிடிப்பதில் ஒரு பெரும் சிக்கல் உண்டு. அக்கால எந்திரத்தில் காற்று கசிந்தாலும் எந்திரம் தளர்ந்து நிற்கும். நீராவி முழுமையாகக் குளிராவிட்டாலும் தளர்ந்து நிற்கும். கொதிகலன் போதுமான நீராவியைத் தராவிட்டாலும் தளர்ந்து நிற்கும். மூன்று காரணங்களுக்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான். முன்னே ஒரு மாதிரி எந்திரமும் அதை அறிந்த ஒரு கையும் இல்லாத ஒருவர், எதைத் திருத்துவது என்று எப்படி முடிவெடுப்பார்?

*

ஜான் ஃபிட்ச் அத்தகைய நிலையில்தான் இருந்தார்.

1743இல் கனெக்டிகட்டில் பிறந்தவர். கடிகார வேலை, வெள்ளி வேலை, நில அளவை எனப் பல தொழில்களைப் பார்த்தவர். 1785இல் பென்சில்வேனியாவின் ஒரு கிராமப்புறத்தில், தேவாலயத்திலிருந்து முடக்குவாதக் காலோடு நடந்து வந்துகொண்டிருந்தபோது, குதிரை வண்டியொன்று அவரைக் கடந்து சென்றது. நீராவியின் விசையால் ஒரு வண்டியை ஓட்ட முடியாதா என்ற எண்ணம் அப்போது தோன்றியது. வண்டிக்கு அக்காலத்துச் சாலைகள் ஒத்துவரா என்று உணர்ந்ததும் படகின் பக்கம் திரும்பினார். உலகில் நீராவி எந்திரம் என்ற ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்பதே அப்போது அவருக்குத் தெரியாது. ஊர்ப் பாதிரியார் ஒரு நூலில் இருந்த நியூகாமன் எந்திரத்தின் படத்தைக் காட்டியபோதுதான் அறிந்துகொண்டார். அறிந்ததும் மகிழவில்லை, மனம் சோர்ந்தார்.

அன்றைய அமெரிக்காவில் இருந்த நீராவி எந்திரங்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். இங்கிலாந்திலிருந்து வருவித்துக்கொள்ளவும் வழியில்லை. எந்திரங்கள் நாட்டைவிட்டு வெளியே போவதையும் கைவினைஞர்கள் வெளியேறுவதையும் பிரிட்டிஷ் சட்டங்கள் தடுத்துவந்தன. ஆகவே ஃபிட்ச் எந்திரத்தைத் தாமே செய்யவேண்டியிருந்தது. ஃபிலடெல்ஃபியாவில் ஹென்ரி வோய்ட் என்ற ஜெர்மானிய மரபினரான கடிகாரக் கைவினைஞர் அவருக்குத் துணையாகக் கிடைத்தார். இருவரும் ஓடும் எந்திரமொன்றைப் பக்கத்தில் நின்று பயின்றவர்கள் அல்லர். நகரத்தவர் சிலர் பங்குப் பணம் போட்டார்கள்.

மூன்று அங்குல விட்டமுள்ள சிலிண்டரைக் கொண்ட சிறு எந்திரம் 1786 ஜூலையில் ஒரு சிறு படகை நகர்த்தியது. அடுத்து 12 அங்குலச் சிலிண்டர். கோளாறுகள் ஆரம்பித்தன. சிலிண்டரின் மூடிகள் மரத்தால் ஆனவை. அவற்றின் வழியே காற்று புகுந்தது. எந்திரத்தைப் பிரித்துத் திரும்பக் கட்டினார்கள். பிஸ்டன் சிலிண்டரோடு இறுக்கமாகப் பொருந்தவில்லை, அதைச் சரிசெய்தார்கள். பிறகு நீராவியைக் குளிரவைக்கும் குளிர்கலன் போதவில்லை என்று தெரிந்தது. வோய்ட் வேறொரு அமைப்பை யோசித்தார். ஒரு கசிவை அடைத்த பிறகுதான் அடுத்த கசிவு கண்ணுக்குத் தெரிந்தது. அவர்கள் புதிதாகப் பழுதுகளை உண்டாக்கிக்கொண்டிருக்கவில்லை; ஏற்கெனவே அடுக்கடுக்காக இருந்தவற்றை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தார்கள். பணம் போட்டவர்களின் கண்ணுக்கு இந்த வேறுபாடு புலப்பட்டிருக்காது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், எந்திரம் மறுபடியும் நின்றுவிட்டது என்பதும், மறுபடியும் பணம் கேட்கிறார்கள் என்பதும்தான்.

1787 ஆகஸ்ட் 22ஆம் தேதி, அரசியலமைப்புச் சட்டத்தை உருவாக்க ஃபிலடெல்ஃபியாவில் கூடியிருந்த பிரதிநிதிகளில் பலர் பார்க்க, 45 அடி நீளமுள்ள படகு டெலவேர் ஆற்றில் ஓடியது. பக்கத்திற்கு ஆறாகப் பன்னிரண்டு துடுப்புகளை எந்திரம் இயக்கியது. வேகம் மிகக் குறைவு. பாராட்டுச் சொற்கள் கிடைத்தன, அரசுப் பணம் கிடைக்கவில்லை.

1788இல் 60 அடி நீளத்தில் ஒடுக்கமான புதுப் படகு. எடையைக் குறைக்கக் குழாய்களாலான கொதிகலன். அவ்வாண்டுக் கோடையில் 20 மைல் தொலைவிலுள்ள பர்லிங்டனுக்குப் போனார்கள். கரையை நெருங்கும் வேளையில் கொதிகலன் குழாயில் கசிவு ஏற்பட்டு, நங்கூரமிட வேண்டியதாயிற்று. அதைச் செப்பனிட்டு, அக்டோபரில் 30 பயணிகளுடன் அதே தொலைவை 3 மணி 10 நிமிடங்களில் கடந்தார்கள். மணிக்கு ஆறு மைலுக்கு மேல். அதுவும் போதாதென்று பட்டது. 1789இல் 18 அங்குலச் சிலிண்டர். பெரிய சிலிண்டருக்கு ஏற்ற குளிர்கலன் இல்லாததால் மீண்டும் தோல்வி, மீண்டும் மாற்றங்கள். இப்பணியில் பங்குதாரர்களில் ஒருவரான வில்லியம் தார்ன்டனும் கைகொடுத்தார். வாஷிங்டனில் உள்ள நாடாளுமன்றக் கட்டடத்தின் முதல் வடிவத்தைப் பின்னாளில் வரைந்தவர் அவர்தான்.

1790 ஏப்ரலில் எந்திரம் கடைசியாக அவர்கள் சொன்னபடி கேட்டது. அளந்து குறிக்கப்பட்ட ஒரு மைல் தூரத்தில் மணிக்கு எட்டு மைல் வேகம் பதிவாயிற்று. அக்கோடை முழுவதும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் ட்ரென்டனுக்கும் இடையே செய்தித்தாளில் விளம்பரம் செய்து, கட்டணம் பெற்று, பயணிகளை ஏற்றிச் சென்றது அந்தப் படகு. ஓடிய மொத்தத் தூரம் இரண்டாயிரம் மைல்களுக்குக் குறையாது என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அதாவது ஃபுல்டனின் படகு நியூயார்க் கரையில் நின்றுபோவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே, நிற்காமல் ஓடும் நீராவிப் படகு ஒன்று அமெரிக்காவில் இருந்திருக்கிறது.

*

இனி ஃபுல்டனின் அரைமணி நேரத்திற்கு வருவோம்.

அவருடைய படகில் இருந்த எந்திரம் அவர் செய்தது அன்று. பர்மிங்காமுக்கு அருகே சோஹோவில் இருந்த பவுல்டன்–வாட் நிறுவனத்திடம் 1803இல் கேட்டு எழுதி, ஏற்றுமதி அனுமதிக்காகக் காத்திருந்து பெற்றது. 24 அங்குலச் சிலிண்டர், நான்கு அடி வீச்சு. அனுமதி கிடைப்பதற்கு ஃபுல்டனுக்கு இங்கிலாந்தில் இருந்த தொடர்புகள் உதவின. ஃபிட்சுக்கு அடைபட்டிருந்த கதவு அவருக்குத் திறந்தது.

அந்த எந்திரத்தின் பின்னணியிலும் ஒரு நீண்ட பழுதுபார்ப்பு வரலாறு உண்டு. குளிர்கலனைச் சிலிண்டரிலிருந்து பிரித்து வைக்கவேண்டும் என்ற எண்ணம் ஜேம்ஸ் வாட்டுக்கு 1765இல் தோன்றியது. 1769இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அவர் கட்டிய எந்திரம் பல ஆண்டுகள் சரியாக ஓடவில்லை. சிலிண்டர் சரியான வட்டமாக அமையவில்லை. பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே நீராவி கசிந்தது. துணி, தக்கை, காகிதக்கூழ் என்று எதையெதையோ அடைத்துப் பார்த்தார் வாட். பீரங்கிக் குழல்களைத் துல்லியமாகக் குடைவதற்கு ஜான் வில்கின்சன் என்ற இரும்பு வார்ப்பாளர் 1774இல் காப்புரிமை பெற்ற முறை, அதன் தொடர்ச்சியாகச் சிலிண்டர்களைக் குடையவும் உதவியபோதுதான் அந்தக் கசிவு தீர்ந்தது. போருக்குச் செய்த கருவியின் நுட்பம் தற்செயலாக எந்திரத்தைக் காப்பாற்றியது. மேதையான வாட்டுக்கே எண்ணத்திலிருந்து இடைவிடாமல் ஓடும் எந்திரத்திற்கு வந்து சேர ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின என்பதையும், அதற்கு இன்னொருவரின் பட்டறை தேவைப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். இந்த அளவுகோலால் பார்த்தால், அத்தகைய பட்டறை எதுவுமற்ற ஃபிலடெல்ஃபியாவில் ஃபிட்சும் வோய்ட்டும் எடுத்துக்கொண்ட நான்கு ஆண்டுகள் வியக்கத்தக்க வேகம் என்றே சொல்லவேண்டும்.

ஃபுல்டன் வாங்கியது இரும்பை மட்டுமில்லை. நாற்பது ஆண்டுகளாக யார் யாரோ கண்டறிந்து அடைத்த கசிவுகளையும் சேர்த்து வாங்கினார். காற்று எங்கே புகும், குளிர்கலன் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும், பிஸ்டன் எப்படிப் பொருந்தவேண்டும் என்ற கேள்விகள் எல்லாம் பெட்டியில் வந்திறங்குவதற்கு முன்பே தீர்க்கப்பட்டிருந்தன. அன்று நியூயார்க் கரையில் படகு நின்றபோது அவர் சந்தேகிக்க வேண்டியிருந்தது பொருத்தலை மட்டுமே. அரைமணி நேரம் போதுமானதாக இருந்தது அதனால்தான்.

இதைச் சொல்வதால் ஃபுல்டனின் பங்கைக் குறைத்ததாகாது. 1803இல் பாரிஸில் சேன் ஆற்றில் அவர் கட்டிய முதற்படகு எந்திரத்தின் எடை தாங்காமல் புயலில் உடைந்து மூழ்கியது. மீண்டும் கட்டி அதே ஆண்டு ஆகஸ்டில் ஓட்டிக் காட்டினார். உடலமைப்புக்கும் எந்திர விசைக்கும் உள்ள பொருத்தத்தைக் கணக்கிட்டுப் பார்த்தவர். தோல்வியைச் சந்திக்காதவர் அல்லர் அவர். ஆனால் தோல்விக்குப் பிறகு மறுபடி கட்டுவதற்கான பணம் அவருக்கு எப்போதும் இருந்தது. அந்தப் பணத்தின் பெயர் ராபர்ட் லிவிங்ஸ்டன். நியூயார்க்கின் பெருநிலக்கிழார்; ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர்; பிரான்சுக்கான அமெரிக்கத் தூதராக லூசியானா நிலப்பரப்பை வாங்கும் பேச்சில் பங்குகொண்டவர்.

*

பழுதை நீக்குவதற்குத் தேவையான அறிவைப் பற்றி நிறையப் பேசுகிறோம். தேவையான பொறுமையை யார் விலைகொடுத்து வாங்குகிறார்கள் என்பதைப் பேசுவதில்லை. ஃபிட்சின் படகு 1790இல் நிற்காமல் ஓடியது. ஆனால் இலாபம் தரவில்லை. டெலவேர்க் கரையில் நல்ல சாலைகளும் குதிரை வண்டிகளும் இருந்தன. எந்திரமும் விறகும் அடைத்துக்கொண்ட படகில் சரக்கு ஏற்ற இடமில்லை. ஹட்சனிலோ நிலைமை வேறு: பாய்மரப் படகுகளில் ஆல்பனிக்குப் போகப் பல நாட்கள் ஆயின, கரையோரச் சாலைகள் மலைப்பாங்கானவை. ஃபுல்டனின் படகு ஓடவேண்டிய ஆற்றில் ஓடியது.

ஃபிட்ச் கட்டிய அடுத்த படகின் பெயர் ‘விடாமுயற்சி’ என்று பொருள்படும் ‘பெர்செவரன்ஸ்’. 1790 இலையுதிர்காலத்தில் புயல் அதைக் கட்டறுத்துத் தீவொன்றின் கரையில் ஏற்றிவிட்டது. அதற்குள் பங்குதாரர்களின் பொறுமை தீர்ந்திருந்தது. 1791 ஆகஸ்ட் 26ஆம் தேதி அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அதே நாளில் அவருடைய போட்டியாளரான ஜேம்ஸ் ரம்ஸி உள்ளிட்ட வேறு சிலருக்கும் நீராவிக் காப்புரிமைகள் வழங்கப்பட்டதால் அதற்குப் பெரிய மதிப்பில்லாமல் போயிற்று. 1793இல் பிரான்சுக்குப் போனார். புரட்சியின் கொந்தளிப்பில் எதுவும் நடக்கவில்லை. அங்கே அவர் விட்டுவந்த வரைபடங்கள் ஃபுல்டனின் கைக்குப் போயின என்று 1814இல் தார்ன்டன் ஒரு சிறு நூலில் எழுதினார். அந்த வழக்கை இங்கே விசாரிக்கப் போவதில்லை. வரைபடத்தைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், ஃபிட்சின் உண்மையான சாதனையான பழுதுபார்த்த அனுபவத்தை எந்த வரைபடத்திலிருந்தும் எடுத்துக்கொண்டிருக்க முடியாது.

ஐயமின்றி நடந்த ஒரு கைமாற்றம் உண்டு. 1787இல் நியூயார்க் மாநிலம் தன் நீர்நிலைகளில் நீராவிப் படகு ஓட்டும் தனியுரிமையை ஃபிட்சுக்கு வழங்கியிருந்தது. 1798 மார்ச்சில், ஃபிட்ச் இறந்துவிட்டார் அல்லது மாநிலத்தைவிட்டு அகன்றுவிட்டார் என்று காரணம் சொல்லி, அவ்வுரிமையை அவரிடமிருந்து எடுத்து லிவிங்ஸ்டனுக்குக் கொடுத்தது சட்டமன்றம். நீரோட்டத்தை எதிர்த்து மணிக்கு நான்கு மைல் வேகத்தில் ஓடும் படகை உருவாக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதைவிட வேகமான படகைப் பத்தாண்டுகளுக்கு முன்பே ஓட்டிய மனிதர் அப்போது கென்டக்கியின் பார்ட்ஸ்டவுனில் உயிரோடு இருந்தார். சில மாதங்களுக்குப் பின், அதே ஆண்டின் கோடையில்தான் இறந்தார். தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார் என்றே வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலோர் கருதுகிறார்கள்.

ஃபிட்ச் தம் வாழ்க்கைக் குறிப்புகளையும் படகின் வரலாற்றையும் எழுதி முத்திரையிட்டு, தாம் இறந்து முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் திறக்கவேண்டும் என்ற குறிப்போடு ஃபிலடெல்ஃபியா நூலகம் ஒன்றில் ஒப்படைத்திருந்தார். தம் காலத்தவர் மீது அவருக்கிருந்த கசப்பு அவ்வளவு. எந்தெந்த மூடி கசிந்தது, எந்தக் குழாய் விட்டது, எப்போது பணம் தீர்ந்தது என்பதெல்லாம் இன்று நமக்குத் தெரிவது பெரும்பாலும் அந்தக் காகிதங்களின் புண்ணியத்தில்தான். வென்றவர்கள் இத்தகைய பட்டியலை எழுதிவைப்பதில்லை. ஃபுல்டனின் அரைமணி நேரத்தில் திருத்தப்பட்ட பாகம் எது என்ற விவரம்கூட அவருடைய விவரிப்பில் இல்லை.

வோய்ட் பிறகு அமெரிக்க நாணயச் சாலையின் தலைமை நாணய அச்சாளராகி, 1814இல் தாம் இறக்கும்வரை அப்பணியில் இருந்தார். குளிர்கலனைத் திரும்பத் திரும்ப மாற்றியமைத்த அந்தக் கைகள் வடித்த காசுகளை இன்று சேகரிப்பாளர்கள் பெருவிலைக்கு வாங்குகிறார்கள். டெலவேர் ஆற்றில் ஓடிய எந்திரத்தின் ஒரு திருகாணிகூட மிஞ்சவில்லை.